இமை எங்கே நிற்க வேண்டும்?

எந்தத் தியான வகுப்புக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "மெதுவாகக் கண்களை மூடிக்கொள்ளுங்கள்." முதுகு ஏன் நிமிர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டால் பத்து நிமிடம் விளக்குவார்கள். மூச்சுக்கும் மந்திரத்துக்கும் விளக்கம் உண்டு. கண்ணை ஏன் மூட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. காலண்டர் படத்தில் சிவன் மூடியிருக்கிறார், நாமும் மூடிக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. அம்மா பிரம்மா குமாரிகள் நிலையத்துக்குப் போகிறவர். சித்தப்பா பழைய மனவளக்கலை மன்றத்து ஆள். அம்மாவின் ராஜயோகத்தில் கண் திறந்தே இருக்கும். எதிரே சுவரில் முட்டை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு, அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்தபடி அசையாமல் உட்காருவார். 1937இல் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் தொடங்கி, 1950இல் மவுண்ட் அபுவுக்கு இடம் மாறிய அமைப்பு அது. இன்று நம் சின்ன ஊர்களின் மாடி வீடுகளில்கூட அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கலாம். சித்தப்பாவுக்கு ஆக்கினை தவம். ஆசிரியர் புருவ மத்தியில் விரலால் தொட்டுக் கொடுத்த இடத்தில் மனதை வைத்துக் கண்ணை மூடினால், வாசலில் பால்காரர் கத்தினாலும் திறக்க மாட்டார். இரண்டு பேரும் காலையில் ஒரே கூடத்தில் உட்காருவதுதான் பிரச்சினை.

"அண்ணி, கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுப் பண்றதுக்குப் பேரு தியானமா? வேடிக்கை பாக்குறது அது."

"சரிங்க தம்பி, நீங்க மூடிக்கிட்டே பண்ணுங்க. ஆனா நேத்துக் காலைல ஆறரைக்கு வந்த சத்தம் உங்க குண்டலினியா, கொறட்டையா?"

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஆசியா முழுக்கத் தியானக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இதே இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்துத்தான். திறந்தால் மனம் வெளியே ஓடும், மூடினால் தூங்கிப்போகும். இரண்டும் பொய்யில்லை. அதனால்தான் சண்டை முடியவுமில்லை.

சித்தப்பா கட்சியை முதலில் பார்ப்போம், ஊரில் பெரும்பான்மை அவர்கள்தான். ஐம்புலன்களில் காதுக்கு மூடி கிடையாது, மூக்கை ரொம்ப நேரம் பொத்திவைக்க முடியாது, தோலைக் கழற்றி வைக்க முடியாது. வாயைத் தவிர, இயற்கை கதவு வைத்துக் கொடுத்திருப்பது கண்ணுக்கு மட்டும்தான். அதைச் சாத்தினால் உள்ளே வரும் சரக்கில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. மூளையும் அதை உடனே கவனிக்கிறது. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, 1929இல் அதை வெளியிட்டார். தன் மகனின் தலையிலேயே கம்பிகளைப் பொருத்திப் பார்த்தவர். ஆள் சும்மா உட்கார்ந்து கண்ணை மூடியதும் நொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 13 வரை எழும் சீரான அலைகள் பெருகுகின்றன. கண்ணைத் திறந்ததும் அவை அடங்கிப்போகின்றன. ஆல்பா அலை என்று பெயர் வைத்தார்.

இந்த ஆல்பா பிறகு நம் தியான மேடைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "பீட்டாவிலிருந்து ஆல்பாவுக்கு இறங்கிவிட்டோம்" என்று சித்தப்பாவும் சொல்வார். பீட்டா என்பது விழித்து வேலையில் இருக்கும் மூளையின் வேகமான அலை. நியாயமாகப் பார்த்தால், சலூன் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவருக்கும் ஆல்பா வரும். கண்ணை மூடியதற்கு மூளை கொடுக்கும் ரசீது அது, தவத்துக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை. தலையில் பட்டை மாட்டி ஆல்பாவைக் காட்டி விற்கும் கருவிகளைப் பார்க்கும்போதெல்லாம், எதற்கும் ஒரு தடவை கண்ணைத் திறந்து வைத்தபடி சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும்.

மூடச் சொல்லும் பள்ளிகளில் கறாரானது விபாசனா. பர்மாவின் மாண்டலேயில் பிறந்த சத்ய நாராயண் கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கிய முறை. இகத்புரிதான் தலைமையிடம், சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் மையம் உண்டு. பத்து நாள் மௌனம், விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு மட்டும். அதற்கப்புறம் அதிட்டான அமர்வுகள் வரும். ஒரு மணி நேரம் கையை அவிழ்க்கக் கூடாது, காலை மாற்றக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. நானும் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அருமையாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒரு மணி அமர்வைச் சொல்ல வேண்டும். மின்விசிறி ஓடும். கூடம் முழுக்க மூச்சுகள் ஒவ்வொன்றாகக் கனமாகும். ஒற்றைக் கண்ணைத் திருட்டுத்தனமாகத் திறந்தால், முன் வரிசையில் ஒரு தலை மெல்ல மெல்ல இறங்கி, முகவாய் நெஞ்சில் பட்டதும் திடுக்கிட்டு மேலே வரும். அது நிமிரும்போது பக்கத்துத் தலை இறங்கத் தொடங்கியிருக்கும். அந்தக் கூடத்தில் அந்த நேரத்தில் நடப்பதைத் தியானம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தூக்கம் தியானத்துக்குப் பழைய எதிரி. புத்தரின் தலைமாணாக்கர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்ததைப் பழைய பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் மறைக்காமல் சொல்கிறது. புத்தர் அவருக்குச் சொன்ன வைத்தியம் வரிசையாக இருக்கிறது. எந்த எண்ணத்தோடு தூக்கம் வந்ததோ அந்த எண்ணத்தை விடு. போகவில்லையா, கேட்ட தம்மத்தை யோசி, அப்புறம் வாய்விட்டு ஓது. இரண்டு காது மடலையும் பிடித்து இழு, கைகாலைத் தேய்த்துவிடு. அதற்கும் போகாவிட்டால் எழுந்து தண்ணீரால் கண்ணைக் கழுவி, நான்கு திசையும் பார், அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார். எதற்கும் மசியாவிட்டால் கடைசியில், வலப்பக்கமாகப் படுத்துக் கொஞ்சம் தூங்கிவிட்டு எழு என்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காதைப் பிடிக்கச் சொன்னதன் வயசு என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. தூங்குகிறவனைப் பார்த்துக் கண்ணை இறுக்கிக்கொள் என்று சொல்லவில்லை பாருங்கள், வானத்தைப் பார் என்கிறார்.

தூங்காதவர்களுக்கு இன்னொரு தொல்லை. கண்ணை மூடிய மறுகணம் உள்ளே படம் ஓடத் தொடங்கிவிடும். எப்போதோ அலுவலகத்தில் ஒருத்தர் சொன்ன வார்த்தை, அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில், அதற்கு அவர் முகம் போயிருக்கக்கூடிய போக்கு என்று வசனத்தோடு ஓடும். வெளிக்காட்சி நின்றதும் உள்காட்சிக்குத் திரை காலியாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் ரமணரிடம் கண்ணை மூடுவதா திறப்பதா என்ற கேள்வியை நேராகவே கேட்டிருக்கிறார்கள். 1935இலிருந்து 1939 வரை ஆசிரமத்தில் குறித்துவைக்கப்பட்ட உரையாடல்களில் அது இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், மனம் உள்முகமாக இருப்பதுதான் முக்கியம் என்பது அவர் பதிலின் சாரம். ஆனால் அதோடு விடவில்லை. கண்ணை மூடும்போது உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணங்கள் பெரும் வேகத்தோடு கிளம்பி வருவதுண்டு. கண்ணைத் திறந்து வைத்தபடி உள்ளே திரும்புவதற்கோ மனபலம் வேண்டும் என்று இரண்டு பக்கத்துச் சிக்கலையும் சொல்லிவிடுகிறார். சோபாவில் சாய்ந்து, கண்ணைத் திறந்து, எதையும் பார்க்காமல் மணிக்கணக்கில் இருந்தவர் சொன்னது. தமிழ் மண்ணில் இந்த விவகாரத்தைப் பற்றி இவ்வளவு நிதானமாக வேறு யாரும் பேசி நான் படித்ததில்லை.

மூடுவது நமக்கு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதைக் கோயிலில் பார்க்கலாம். மூன்று மணி நேரம் வரிசையில் நசுங்கி, கர்ப்பக்கிரகத்துக்கு முன் வந்து, குருக்கள் கற்பூரத்தட்டைத் தூக்குகிற அந்த அரை நிமிடத்தில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை பின்னாலிருந்து ஒரு பாட்டி என் தோளைத் தட்டினார். "கண்ணைத் தொறந்து பாரு கண்ணு. மூடிக்கிறதை வீட்டுல போயி மூடிக்கலாம்." சாமி பார்க்கக் கிடைக்கும்போதும் மூடிக்கொள்வதைப் பக்தி என்று எங்கிருந்தோ கற்றுவைத்திருக்கிறோம்.

இனி அம்மா கட்சி. திறந்து வைப்பதைச் சட்டமாகவே ஆக்கியவர்கள் ஜென் மரபினர். டோகன் என்ற ஜப்பானியத் துறவி 1223இல் சீனா போய், 1227இல் திரும்பிவந்து, உட்காரும் முறையைப் பற்றி ஒரு சிறு ஏடு எழுதினார். நாக்கு மேலண்ணத்தில் பட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், கண் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தயவுதாட்சண்யமே கிடையாது. அவருக்கும் முன்னால், 1103இல் சீனத்து மடங்களுக்காக எழுதப்பட்ட விதிநூலோடு சேர்ந்து வரும் ஒரு தியானக் குறிப்பு, தூக்கம் வராமலிருக்கக் கண் லேசாகத் திறந்திருக்கட்டும் என்கிறது. ஃபாயுன் யுவாந்தோங் என்ற ஆசான், கண்ணை மூடி உட்காருகிறவர்களைத் திட்டியதையும் அதிலே குறித்திருக்கிறார்கள். 'கருமலையின் பேய்க்குகை' என்றாராம். உள்ளே இருட்டாக, கதகதப்பாக, யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அதையே ஞானம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதுதான் அவர் எரிச்சல். கண்ணை மூடி நன்றாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு இந்தத் திட்டு உறைக்கும். அந்தக் குகை உண்மையிலேயே சுகமானது.

காஞ்சிக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் போதிதர்மரும் இந்தக் கட்சிதான். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாராம். இடையில் ஒருநாள் தூங்கிவிட்ட கோபத்தில் இமைகளையே அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் முளைத்ததுதான் தேயிலைச் செடி. கதைதான். ஆனால் கதை கட்டியவர்களுக்குத் தியானத்தில் தூக்கம் எவ்வளவு பெரிய பாடு என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதற்கு டீ மருந்து என்பதும் தெரிந்திருக்கிறது. ஜப்பானில் அவர் பெயரால் விற்கும் சிவப்பு தருமா பொம்மைக்குக் கண்மணி இல்லாமல் வெள்ளையாக விட்டிருப்பார்கள். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணும் நிறைவேறியதும் மற்றொரு கண்ணும் வாங்கியவரே எழுத வேண்டும்.

டோகன் வழி வந்த ஸோட்டோ பள்ளியில் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள், ரின்ஸாய் பள்ளியில் சுவருக்கு முதுகைக் காட்டிக் கூடத்தின் நடுப்பக்கம் பார்த்து. நான் சில மாதம் எங்கள் பின்னறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெளிறிய மஞ்சள் டிஸ்டெம்பர், ஒரு கை தூரம். முதல் ஐந்து நிமிடம் சுவர் பயங்கரச் சுவாரசியமாக இருக்கும். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஓதம் காத்த இடம் ஒரு தடவை இலங்கை வரைபடம், இன்னொரு தடவை எங்கள் தலைமையாசிரியர். எறும்பு ஒன்று வந்தால் அதன் வாழ்க்கை வரலாறே எழுதலாம் போலிருக்கும். பார்வையை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் சற்று நேரத்தில் ஓரங்கள் வெளிறத் தொடங்கும். ஓதக்கறை மறையும், சுவிட்ச் போர்டே காணாமல் போகும், வெறும் மஞ்சள் மூட்டம் மிஞ்சும். முதல்முறை உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்கு அவ்வளவு சிலிர்க்க வேண்டியதில்லை. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இலேயே எழுதிவைத்த விஷயம் அது. மாறாத காட்சி தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தால் பார்வைப் புலன் அதைப் பதிவுசெய்வதைக் குறைத்துக்கொள்கிறது. ஓரப் பார்வையில் இருப்பவைதான் முதலில் மறையும். ஒருமுறை இமைத்தால், விழியை அசைத்தால், சுவிட்ச் போர்டு திரும்பிவந்துவிடும். ஜென் மடங்களில் சுவரில் முகங்கள் தெரிகின்றன, ஒளி தெரிகிறது என்று போய்ச் சொல்கிற சீடனுக்குப் பாராட்டு கிடைக்காது. அதற்கு 'மாக்யோ' என்று பெயர் வைத்து, பேயாட்டம் என்று ஒதுக்கி, போய் உட்கார் என்று அனுப்பிவிடுவார்கள். நம் ஊரில் என்றால் அந்தச் சீடனுக்கு அந்த வாரமே ஒரு பட்டம் கொடுத்திருப்போம்.

கட்சிச் சண்டையை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் ஆனந்த், சினா, பல்தேவ் சிங் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், சமாதியில் இருந்த யோகிகளுக்குப் பக்கத்தில் பலத்த ஓசை எழுப்பினார்கள், பளீரென்று வெளிச்சம் காட்டினார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். ஆல்பா அலை கலையவே இல்லை. 1966இல் டோக்கியோவில் கசாமட்சுவும் ஹிராயும் கண் திறந்து உட்கார்ந்த ஜென் துறவிகளைச் சோதித்தார்கள். திறந்த கண்ணோடே அவர்களுக்கு ஆல்பா பெருகியது. பெர்கர் கணக்குப்படி வரக்கூடாதது. 'டக்' என்று ஒரு சத்தம் எழுப்பினால் அலை ஒரு கணம் கலைந்து மீண்டும் கூடியது. நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று நான்கு முறைக்குப்பின் அந்தச் சத்தம் பழகி, மூளை அதைச் சட்டை செய்யாது. துறவிகளுக்கோ ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலவே கலைந்து, கூடியது. யோகி உலகத்தைச் சாத்திவிட்டார், ஜென்காரர் ஒவ்வொரு கணமும் புதிதாக வரவேற்கிறார் என்று எழுதிக் குவிக்க இதைவிட அழகான ஜோடி கிடைக்குமா? குவித்தார்கள். 1981இல் பெக்கரும் ஷாப்பிரோவும் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் மூன்றிலும் தேர்ந்தவர்களை ஒன்றாக வைத்துச் சோதித்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அந்த ஜோடியை மேடையில் உபயோகிப்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரு பழைய கையேடு. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம். காஞ்சியில் தான் தங்கியிருந்ததைத் தன் உரைகளில் ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறவர், ஆக நமக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. அதில் மண் வட்டத்தைப் பார்த்துச் செய்யும் ஒரு தியானம் உண்டு, கசிணம் என்பார்கள். விடியல் நிறத்துக் களிமண்ணைக் கல், வேர், தூசி இல்லாமல் பிசைந்து ஒரு சாண் நான்கு விரல் அகலத்தில் வட்டமாகப் பூச வேண்டும். முரசின் தோல் மாதிரி மழமழவென்று இருக்க வேண்டும். அதற்கு இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாண் நான்கு விரல் உயரக் கால் வைத்த ஆசனத்தில் உட்கார வேண்டும். ஏன் இந்த அளவு? இதற்கு மேல் தள்ளிப்போனால் வட்டம் தெளிவாகத் தெரியாது, கிட்டே வந்தால் பூசியதில் உள்ள குறைகள் தெரியும். ஆசனம் உயர்ந்தால் கழுத்தைக் குனிய வேண்டிவரும், தாழ்ந்தால் முட்டி வலிக்கும். உட்கார்ந்து அனுபவப்பட்டவன் எழுத்து இது.

கண்ணுக்கு வருகிறார். அகலத் திறக்காதே, கண் களைத்துப்போகும், வட்டமும் அளவுக்கு மீறித் துலக்கமாகத் தெரியும். கொஞ்சமாகவும் திறக்காதே, வட்டம் தெளியாது, மனம் சோம்பும். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் மிதமாகத் திறந்து பார். சற்று நேரம் திறந்து பார், சற்று நேரம் மூடிப் பார். நூறு தடவை, ஆயிரம் தடவை, அதற்கும் மேலே. மூடினாலும் திறந்தபோது தெரிந்ததுபோலவே வட்டம் தெரிகிற நாள் வரும். அன்றிலிருந்து அந்த இடத்தில் உட்கார வேண்டாம், உன் அறைக்குப் போய் உள்ளே தெரியும் வட்டத்தை வைத்துக்கொண்டு வேலையைப் பார். நடுவில் அது கலைந்துபோனால்? செருப்பை மாட்டிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, திரும்பப் போய் மறுபடி பார்த்துவிட்டு வா. செருப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறார். திரும்பிவந்து கால் கழுவும் நேரம் மிச்சம்.

கால் கழுவும் நேரத்தைக்கூடக் கணக்கில் எடுத்த ஒருவர், திறந்தா மூடியா என்பதைக் கொள்கையாக ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இமை ஒரு கருவி. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்து, வைக்க வேண்டிய நேரத்தில் வைக்கிறார்.

தீபத்துக்கும் இதே கதை பொருந்தும். ஹடயோகத்தில் திராடகம் என்பது கண்ணீர் வரும்வரை ஒரு சிறு புள்ளியை இமைக்காமல் பார்ப்பது. ஆறு சுத்திகளில் ஒன்றாகத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சோம்பலுக்குக் கதவைச் சாத்தும் என்பது அதற்குச் சொல்லும் பலன். வள்ளலார் சிறுவயதில் சென்னையில் தன் அண்ணன் வீட்டு மாடியறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்து உட்கார்ந்தவர், பிற்காலத்தில் வடலூரில் 1872இல் எழுப்பிய சத்திய ஞான சபையிலும் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகக் காட்டுவது ஜோதியைத்தான். அவர் வழியில் வந்தவர்களில் சிலர் கண்ணைத் திறந்து செய்வதுதான் தவம், மூடிச் செய்வதெல்லாம் மூடத்தனம் என்று பிடிவாதமாகச் சொல்வார்கள். அந்த அளவுக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. தீபத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியதும் தெரியும் நீலப்பச்சைப் புள்ளியை அருட்காட்சி என்று நம்புவதிலும் ஒப்புதல் இல்லை. ட்யூப்லைட்டைப் பார்த்துவிட்டு மூடினாலும் ஒரு புள்ளி தெரியும். கண்ணில் அழுத்தநோய் உள்ளவர்களும், கண் உலர்ந்து எரிச்சல் உள்ளவர்களும், வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் திராடகம் பக்கம் போக வேண்டாம். சூரியனைப் பார்க்கச் சொல்லும் யோகிகளிடம் யாரும் போக வேண்டாம், விழித்திரை கருகினால் மறுபடி முளைக்காது.

மூடக்கூடாதவர்களும் உண்டு, அதை வகுப்பெடுப்பவர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. என் தோழி ஒருத்தி பைக் விபத்தில் கணவரைக் கண்ணெதிரே இழந்தவள். நிம்மதி கிடைக்கும் என்று யாரோ ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கண்ணை மூடிய மறுநொடி அந்தச் சாலைதான். நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்துத் திறந்தாள். "திறக்காதீங்கம்மா, சக்தி வெளிய போயிடும்" என்றார் வகுப்பெடுத்தவர். எந்தச் சக்தி, எந்த வழியாகப் போகும் என்று கேட்கிற நிலையில் அவள் இல்லை. இப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்து, தரையில் ஏதாவது ஒன்றில் பார்வையை வைத்துக்கொண்டு உட்காருவதுதான் சரி. தலைசுற்றல் உள்ள பெரியவர்களுக்கும் அப்படித்தான். உடம்பின் சமநிலை கண், உள்காது, பாதம் மூட்டுகளின் உணர்வு மூன்றையும் நம்பியிருக்கிறது. ஒன்றை மூடினால் உடம்பு ஆடத்தான் செய்யும். கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தாத்தாவைப் பார்த்து ஆழ்ந்துவிட்டார் என்று நினைப்பதற்கு முன் அவருக்கு வெர்டிகோ இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

இப்போது நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். விடிகாலையிலும் சாப்பிட்ட பிறகும் பாதிக்கண். அலைந்து திரிந்து வந்த சாயங்காலத்தில், தெருவே தலைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மூடிக்கொள்கிறேன். மூடியபின் உள்படம் வசனத்தோடு ஓடத் தொடங்கினால் திறந்துவிடுகிறேன். ஒரே அமர்வில் இரண்டும் நடப்பதுண்டு. எந்த மன்றத்திலும் இதற்கு அனுமதி இல்லை என்பது தெரியும்.

பாதிக்கண் என்றதும் பலர் இமையைப் பாதியில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள், அது படபடவென்று துடிக்கும், இரண்டே நிமிடத்தில் அலுத்துவிடும். இமையைப் பிடிக்க வேண்டியதே இல்லை. விழி கீழே போனால் மேலிமை தானாகக் கூடவே இறங்கும், உடம்பின் அமைப்பு அப்படி. தலை நேராக இருக்க, பார்வையை மட்டும் மூன்று நான்கு அடி முன்னால் தரையில் விட்டால் போதும், கண் பாதி மூடியிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத்திருமேனிகளைப் பாருங்கள். இமை அந்த இடத்தில்தான் நிற்கிறது, வார்த்தவருக்கு உட்காரத் தெரிந்திருக்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயம் மூக்கு நுனியைப் பார்க்கச் சொல்வதும் இதையொட்டித்தான். அதற்கும் ஆதிசங்கரர் உரையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பார்ப்பதுபோல் இரு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும், நிஜமாகவே மூக்கு நுனியைப் பார்த்தால் மனம் மூக்கிலேயே நின்றுவிடும் என்கிறார். மாறுகண் போட்டுக்கொண்டு தலைவலியோடு எழுந்துவரும் ஆட்கள் இந்த வரியைப் படித்திருந்தால் தேவலை.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கழற்றிவிட்டு உட்காரலாம். தரையும் சுவரும் தாமாகவே மங்கிப்போய், கண் பிடித்துத் தொங்க எதுவும் இருக்காது. எனக்கு மைனஸ் நான்கு, இந்த ஒரு காரியத்துக்குத்தான் அது உதவியிருக்கிறது. பைஃபோகல் போடுகிறவர்கள் கட்டாயம் கழற்ற வேண்டும். கீழே பார்க்கும்போது பார்வை படிக்கிற கண்ணாடித் துண்டு வழியாகப் போய், தரை மிதப்பதுபோல் தெரிந்து, பத்து நிமிடத்தில் குமட்டும்.